கழனித்தண்ணி என்று நான் சொன்ன தொட்டி

அந்த வேனில் மூன்று தொட்டிகள் இருந்தன. ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்று, பாத்திரம் கழுவும் சிங்க்கிலிருந்து இறங்கும் அழுக்குத் தண்ணீருக்கு. மூன்றாவது கழிப்பறைக்கு அடியில் இருக்கும் பெட்டி. கோயம்புத்தூரில் வேனை வாடகைக்குக் கொடுத்தவர் ஒவ்வொன்றையும் திறந்து மூடிக் காட்டினார். ஃபிரெஷ் வாட்டர், கிரே வாட்டர், பிளாக் வாட்டர் என்று விரல் விட்டுச் சொன்னார். கழிப்பறைப் பெட்டிக்கு ஊற்ற ஒரு நீல மருந்துப் பாட்டிலும் கொடுத்தார். "சந்தேகம் இருந்தா கேளுங்க மேடம்" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இதற்கு முன் படுக்கை வைத்த வேனுக்குள் கால் வைத்ததில்லை என்பதைக்கூட அவரிடம் சொல்லவில்லை. தெரியும், தெரியும் என்று தலையாட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எழுத்தாக வீட்டுக்குள் வரும் எதுவும் என் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். மாத்திரை அட்டை, பேங்க் பாரம், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான். "என்ன போட்டிருக்குன்னு பாருத்தா" என்பாள் அம்மா. நான் சொன்னால் அதுதான் முடிவு. யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வேன் எடுத்தது அம்மாவுக்காக. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறாள். காமயகவுண்டன்பட்டியில் விடியுமுன் ஏறி, மலையேறி, கேரளப் பக்கம் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்குவாள். பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் ஒரே ஜீப்பில். "மலை எப்படிம்மா இருக்கும்?" என்று சின்ன வயதில் கேட்டேன். "எனக்கு முன்னாடி இருக்கிறவ முதுகுதான்டி தெரியும்" என்றாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து, தோட்டத்தில் வேலை குறைவாக இருந்த ஆனி மாதத்தில், ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன். மேகமலைக்கு அவளை நானே ஓட்டிக்கொண்டு போய், மலைமேல் படுக்கையில் உட்கார்த்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கையில் காபியைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

எங்கள் தெருவில் வேன் வந்து நின்றதும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"ஏத்தா, கேரவனு வந்திருக்கே, எந்த நடிகை உள்ள இருக்காக?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"எம்மகதான் நடிகை. டிரைவரும் அவதான்" என்றாள் அம்மா.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். "அடுப்பும் கக்கூசும் ஒரே ரூமுலயா? வெளங்கிரும். சோறு எறங்குமா உங்களுக்கு?"

தெரு சிரித்தது. அப்பா ஒரு சுற்றுச் சுற்றி டயரை மட்டும் உதைத்துப் பார்த்தார். "எனக்கு ஆடு கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்று போய்விட்டார்.

அம்மா வேனுக்கு அடியில் குனிந்து மூன்று குழாய்களைப் பார்த்தாள். எது என்ன என்று கேட்டாள். நல்ல தண்ணியையும் கக்கூஸ் பெட்டியையும் சொல்லிவிட்டேன். கிரே வாட்டருக்கு என்ன சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். கழிவுநீர் என்றால் சாக்கடை என்று முகம் சுளிப்பாள், அப்புறம் உள்ளே சமைக்கவே மாட்டாள். "இது கழனித்தண்ணித் தொட்டிம்மா" என்றேன். சட்டென்று நல்ல வார்த்தை அகப்பட்டது என்று எனக்குள் ஒரு மெச்சல்கூட.

"மாடு இல்லாத வண்டிக்கு எதுக்குடி கழனித்தண்ணித் தொட்டி?"

"எல்லா வண்டிலயும் வச்சிருப்பாக."

"வெள்ளக்காரனும் மாடு வச்சிருப்பான் போல" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய் கழுவியது. இவைதான் எங்கள் பக்கத்தில் கழனித்தண்ணி. மாடு இல்லாத வீட்டிலும் ஒரு பானையில் சேர்த்து வைத்து, மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். அதில் ஒரு சொட்டு சோப்பு விழக்கூடாது. விழுந்தது தெரிந்தால் மறுநாள் அந்த வீட்டுப் பானையைத் தொடமாட்டார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் வளர்ந்த வீட்டிலும் அந்தப் பானை இருந்தது.

கிளம்பிய அரை மணி நேரத்தில் கம்பம் ரோட்டில் ஒரு புளியமரக் கிளை வேனின் கூரை மூடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. கார் ஓட்டிப் பழகிய எனக்கு, தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரம் வண்டி இருப்பது மறந்துபோயிருந்தது. இறங்கிப் போய் உடைந்த மூடியை எடுத்து வந்து, அம்மாவின் பழைய சேலையால் அந்த ஓட்டையைக் கட்டினோம். அடுத்து உத்தமபாளையம் தாண்டி ஒரு பிரேக். அலமாரிக் கதவுகளுக்குக் கொக்கி மாட்ட வேண்டும் என்று வேன்காரர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தட்டு, டம்ளர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் தரையில்.

"ஜீப்புல இந்த வம்பு இல்ல. நாம மட்டுந்தான் உருளுவோம்" என்றாள் அம்மா, ஊறுகாயை வழித்துக்கொண்டே. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னமனூரிலிருந்து மலைக்குத் திரும்பி செக்போஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வண்டி விடும் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அப்படி ஒரு நேரம் உண்டு என்று நான் விசாரித்திருக்கவில்லை. "காலைல வாங்கம்மா" என்றார் வனக்காவலர். வேனைத் திருப்பவே இருபது நிமிடம் ஆனது. அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பின் ஓரம் நிறுத்தினேன். அம்மா இறங்கிப்போய்த் தோப்புக்காரம்மாவிடம் பேசினாள். அம்மா வயதுதான் இருக்கும் அவருக்கு. தோப்புக்குள் ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஐந்து நிமிடத்தில் இருவரும் மதினி முறை கொண்டாடிவிட்டார்கள்.

"இங்கனயே நிப்பாட்டிக்கங்க மதினி. மட்டை விழுகாத எடமாப் பாத்து நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார் அவர்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு செவலைப் பசு கட்டியிருந்தது. எட்டு மாதச் சினை. முதல் ஈற்றில் கிடாரிக் கன்று செத்துப்போனதாம், இதுவாவது தங்க வேண்டும் என்று வீரபாண்டிக் கோயிலுக்கு நேர்ந்திருந்தார். அம்மா அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "வலப்பக்கம் கன்னு ஓடுது மதினி" என்றாள். இருவரும் அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றார்கள்.

மறுநாள் காலை வேன் கிளம்பவில்லை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனி பேட்டரி உண்டு, ஒரு சுவிட்சை மாற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் மாற்றவில்லை. இரண்டு பேட்டரியும் காலி. தோப்புக்காரம்மாவின் மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துச் சார்ஜ் போட்டோம். அன்று முழுக்க அங்கேயே கிடை. அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. புல் அறுத்தாள், தேங்காய் பொறுக்கினாள், சாணி அள்ளினாள். லீவு போட்டு வந்து அவளை இன்னொருவர் தோப்பில் வேலை செய்ய வைத்துவிட்டேனே என்று நான் வேனுக்குள் புழுங்கினேன்.

மதியம் அவள் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே அடிகுழாய்க்குப் போனாள்.

"ஏம்மா வெளிய போற? உள்ளதான் சிங்க் இருக்குல்ல."

"அதுல சோப்புத் தண்ணி ஊத்தலாமாக்கும்?"

"அதுக்குத்தானம்மா சிங்க்கே. ஊரு பழக்கத்த விடவே மாட்டியா?"

"நீ சும்மா கெட" என்று போய்விட்டாள். அரிசி களைந்த தண்ணீரையும் கஞ்சியையும் மட்டும் கவனமாகச் சிங்க்கில் ஊற்றினாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எதையும் சேர்த்து யோசிக்கவில்லை. நான் காபி டம்ளர்களை எலுமிச்சை வாசம் அடிக்கும் சோப்புப் போட்டு உள்ளேயே கழுவினேன். அது ஒரு வீம்பு.

சாயங்காலம் சிங்க்கிலிருந்து புளித்த கஞ்சி நாற்றம் வந்தது. நீல மருந்துப் பாட்டிலை எடுத்தேன். கழிப்பறைப் பெட்டிக்கு மட்டும், வேறு எதிலும் ஊற்றக்கூடாது, உயிருக்கு ஆபத்து என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்தேன். முழுதும் படித்தேன். நாற்றம் எல்லாம் ஒன்றுதானே என்று இரண்டு மூடி சிங்க்கில் ஊற்றினேன். நாற்றம் போனது. எனக்கு நிம்மதி.

அடுத்த நாள் காலை ஏழு மணி இருக்கும். வெயிலுக்காக வேனின் பக்கத்தில் விரித்திருந்த துணிப்பந்தல் காற்றுக்குப் படபடத்தது. அதைச் சுருட்ட முடியாமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாளியோடு வந்தாள்.

"தொட்டி ரொம்பிக் கெடந்துச்சுடி. ரெண்டு வாளி எறக்கி, மதினிகிட்டத் தவிடும் புண்ணாக்கும் வாங்கிக் கலந்து மாட்டுக்கு வச்சேன். வந்த எடத்துல சும்மா இருக்கக்கூடாதுல்ல."

"எந்தத் தொட்டி?"

"கழனித்தண்ணித் தொட்டிதான்."

நான் ஓடினேன். இரண்டாவது வாளியில் கால்வாசிதான் மிச்சம். மாடு தலையை உள்ளே விட்டிருந்தது. வாளியைப் பிடுங்கினேன். "அதுல சோப்பு இருக்கும்மா" என்று மட்டும் என் வாயிலிருந்து வந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். "கழனித்தண்ணின்னுதான சொன்ன?" என்றாள். கோபமாக அல்ல. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு வீட்டுப் பக்கம் ஓடி, "மதினி, தப்பு நடந்துபோச்சு" என்று கத்தினாள்.

ஒரு மணி நேரத்தில் மாட்டின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. இடப்பக்கம் வயிறு உப்பியது. கால் மாற்றி மாற்றி நின்றது. தோப்புக்காரம்மா போன் செய்து, மாட்டு டாக்டர் பைக்கில் வந்து சேரும்போது அது படுத்துவிட்டது.

"என்ன குடிச்சுச்சு?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நாந்தாங்கய்யா குடுத்தேன். சோப்புத் தண்ணி. அந்தத் தொட்டில எழுதித்தான் போட்டிருந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது. கழனித்தண்ணின்னு நெனச்சுட்டேன்."

"படிச்ச புள்ள கூட இருக்குல்ல? ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

"கேட்டிருக்கணுங்கய்யா. புத்தி இல்ல."

தோப்புக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தப் புள்ள என்ன செய்யும், பாவம்" என்றார்.

நான் நின்றேன். டாக்டர் மாட்டின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றில் தட்டினார். "வெறும் சோப்புதான? வேற எதுவும் இல்லையே?" என்றார் அம்மாவிடம். "இல்லங்கய்யா" என்றாள் அவள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீலப் பாட்டில் வேனுக்குள், சிங்க்குக்குக் கீழே இருந்தது. பத்தடி தூரம். அதை எடுத்து வந்தால் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. இதைப் படித்தேன், படித்துவிட்டு ஊற்றினேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு மூடிதானே, தொட்டி நிறையத் தண்ணீரில் அது என்ன செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் குழாய் விட்டு வயிற்றுக் காற்றை இறக்கினார், ஊசி போட்டார், பாட்டில் தண்ணீர் ஏற்றினார். அம்மா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டினாள். எல்லாம் முடிந்து அவர் கை கழுவி, பையை பைக்கில் மாட்டி, "கன்னுக்குட்டிய ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்றார். கன்று என்று கேட்டதும் தோப்புக்காரம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பைக் கிளம்பியது.

அப்போதுதான் வேனுக்குள் போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். தோப்பின் கேட்டில் அவரை மறித்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"யாரு ஊத்துனது?"

"நான்."

"இங்கனதானம்மா அரை மணி நேரமா நின்ன?"

டாக்டர் வண்டியைத் திருப்பினார். யாருக்கோ போன் செய்து பாட்டிலில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொன்னார். கரித்தூள் மாதிரி ஒன்றைக் கரைத்துக் குழாய் வழியாக ஊற்றினார். இன்னொரு மருந்து சின்னமனூரில் கிடைக்கும் என்று சீட்டு எழுதினார். தோப்புக்காரம்மாவின் மொபெட்டில் நான்தான் போய் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது தோப்புக்காரம்மா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "நீங்க எதுக்கு மதினி எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிட்டீக?" என்னைக் கண்டதும் மருந்தை வாங்கிக்கொண்டு, இருவரும் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மதியம் வேனுக்குள் அம்மா வந்தாள். உட்காரவில்லை.

"சோப்புன்னுதான எங்கிட்ட சொன்ன. அந்த நீலத்த ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே அப்பவே டாக்டர்கிட்டச் சொல்லியிருப்பேனே. அதையும் நாந்தான் ஊத்துனேன்னு சொல்லியிருப்பேன்." அவள் ஜன்னல் வழியாக மாட்டைப் பார்த்தாள். "வாயில்லா ஜீவன்டி."

அவள் அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாள் என்பதுதான் என்னை அடித்தது. படித்த மகளின் பேர் கெடக்கூடாது, மாடும் பிழைக்க வேண்டும். இரண்டையும் அவளால் காப்பாற்றியிருக்க முடியும், அவளிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால்.

மறுநாள் மாடு எழுந்து நின்று இரண்டு வாய் புல் தின்றது. மலைக்குப் போகும் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. "நீ வண்டியக் கொண்டுபோய் விடு. நான் இங்கன இருந்து மாட்டப் பாத்துட்டு வாரேன்" என்றாள். தேவதானப்பட்டி வரை பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்து முந்திப்போயின. கூரையில் கட்டிய சேலை படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. கோயம்புத்தூரில் வேன்காரர் உடைந்த மூடியைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "புதுசா எடுக்கிறவங்களுக்கு இதெல்லாம் சகஜம் மேடம். கிரே வாட்டர் காலி பண்ணிட்டீங்கல்ல?" என்றார். பண்ணியாகிவிட்டது என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன். அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் போனுக்குத் தோப்புக்காரம்மாவிடமிருந்து ஒரு சீட்டின் படமும் குரல் செய்தியும் வந்தன. குரலைப் போட்டேன். "கன்னு தங்கலத்தா. நேத்து செத்தே விழுந்துச்சு. டாக்டரு இங்கிலீசுல எழுதிக் குடுத்திருக்காக. என்ன போட்டிருக்குன்னு மதினிக்கும் சொல்லி, எனக்கும் சொல்லு."

அம்மா கத்தியை வைத்துவிட்டாள். "என்ன போட்டிருக்கு?"

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். "கன்னு வயித்துலயே செத்துருச்சாம். அந்த மருந்துனாலயும் இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதுன்னு போட்டிருக்கு."

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"நெசமாவா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அந்த எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தி உண்டு.

கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு வார்த்தையாக வாசித்து அர்த்தம் சொல்வது எங்கள் வீடு வரை கேட்டது. நான் சொன்னதையேதான் அவளும் சொன்னாள். அம்மா அவளை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

திரும்பி வந்து போனை என் பக்கத்தில் வைத்தாள். "அப்படித்தான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சக் காயை நறுக்க உட்கார்ந்தாள்.